மூன்று கால் பித்தளைச் சாமான்

"அது என் சாலட் கிண்ணம்," என்றாள் பாலின்.

அவள் கணவர் டெஸ்மண்ட் நிமிரவில்லை. கிண்ணத்தில் வினிகரை ஊற்றி, அதில் ஒரு பித்தளைச் சாமானை ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். கழுவி வச்சிடறேன்."

"அது யாரோட பிரஷ்?"

அவர் பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தார். பச்சை. அவருடையது நீலம்.

"பழசுன்னு நினைச்சேன்."

"காலையில நான் அதுலதான் பல்லு விளக்கினேன்."

டெஸ்மண்ட் அதற்கும் அசரவில்லை. அன்று காலை பண்ணைக்காரர் ஆஸ்க்யூவின் வயலில், அவர் வழக்கமாக உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடிக்கும் முள்மரத்தடியில், மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டர் கத்து கத்தென்று கத்தியது. ஒரு சாண் தோண்டியதும் இது கிடைத்தது. முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. கீழே மூன்று குட்டைக் கால்கள். வயிற்றில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓர் ஓட்டை. தலையில் பதினோரு பல் வைத்த சின்னச் சக்கரம். சக்கரம் சுற்றியது. ஆனால் சுற்றினால் எங்கும் எதுவும் நடக்கவில்லை.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் டெஸ்மண்ட். இருபத்து மூன்று வருஷமாக இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயல்களில் டிடெக்டரோடு நடக்கிறார். செருப்பு வார்ப்பூட்டையும் குதிரைச் சேணத்து வார்ப்பூட்டையும் தொட்டே பிரித்துச் சொல்வார். இது என்னவென்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

"ட்ரெவர்கிட்ட காட்டலாம்ல," என்றாள் பாலின்.

டெஸ்மண்டின் கை சட்டென்று வேகமெடுத்தது. சக்கரம் கழன்று வினிகருக்குள் விழுந்தது. எடுத்து, துடைத்து, பசை போட்டு ஒட்டினார். இப்போது சக்கரம் சுற்றவும் இல்லை.

ட்ரெவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரயில் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். துருப்பிடித்த திருகைக் கையில் கொடுத்தால், எந்த மெஷின், எந்தப் பக்கம், எதனால் கழன்றது என்பதுவரை சொல்லிவிடுவார். அவரும் டெஸ்மண்டும் பதினேழு வருஷம் ஒரே வயலில், ஒரே பிளாஸ்க் டீயில் ஓட்டியவர்கள். அப்புறம் ஒரு பொத்தானால் எல்லாம் கெட்டது.

விரல் நகம் அளவு வெள்ளிப் பொத்தான், மேலே ஓர் இதயம் பொறித்தது. ட்ரெவரின் கருவிதான் முதலில் ஒலித்தது. அந்த இடத்தில் சிவப்புக் குச்சியை நட்டுவிட்டு அவர் டீ எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது டெஸ்மண்ட் அதே இடத்தில் முழங்காலிட்டுப் பொத்தானைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது என் குச்சி," என்றார் ட்ரெவர்.

"காத்துல நகர்ந்திருக்கும்," என்றார் டெஸ்மண்ட்.

அன்று காற்றே இல்லை. இருவருக்கும் தெரியும். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. பொத்தான் தீப்பெட்டி ஒன்றில் பஞ்சுக்குள் கிடந்தது. டெஸ்மண்ட் ஒருநாள்கூட அதைத் திறந்து ரசித்ததில்லை. திறந்தால் குச்சிதான் ஞாபகம் வந்தது.

ஆகவே இந்தச் சாமான் என்னவென்று ட்ரெவரைக் கேட்காமலே தெரிந்துகொண்டாக வேண்டும். செவ்வாய்க்கிழமை, மதுக்கடையின் பின்னறையில் கூடும் டிடெக்டர்காரர்கள் சங்கத்துக்கு அதைக் கொண்டுபோனார். ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் ஏழு விதமாகச் சொன்னார்கள்.

"விளக்குத் திரி ஏத்துறது," என்றார் ஒருவர்.

"ஆட்டுக் காதுல அடையாளம் குத்துற கருவி."

"பாட்டி காலத்துத் தையல் மெஷின்ல நூல் போற எடம்."

"இந்தச் சக்கரம் ஏன் சுத்த மாட்டேங்குது?" என்று கேட்டாள் செயலாளர் பெரில்.

"நூத்துக்கணக்கான வருஷம் மண்ணுல கிடந்தா நீங்க சுத்துவீங்களா?" என்றார் டெஸ்மண்ட்.

கடைசியில் ஏழு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள். "ட்ரெவர்கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார்."

வீட்டுக்கு வந்து டெஸ்மண்ட் ஒரு யோசனை செய்தார். சாமானைக் காகிதத்தில் வரைந்து பாலினிடம் கொடுத்தார். "நீ கேக்கிற மாதிரி கேளு. என் பேரை எடுக்காத."

பாலின் போய்விட்டு வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"படத்தை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். சிரிச்சார். அப்புறம், 'படத்த வச்சுல்லாம் சொல்ல முடியாது பாலின், கண்டெடுத்த ஆளே கையில எடுத்துக்கிட்டு வரணும்'னுட்டார்."

"பாத்தியா, எவ்வளவு திமிரு. நான் போய் அவன் வாசல்ல நிக்கணுமாம்."

"ஆளு ரொம்ப இளைச்சுப் போயிருக்காருங்க. பேசும்போதே இருமுறார்."

"இளைக்கட்டும். அந்தத் தொப்பைக்கு நல்லதுதான்."

இதைச் சொன்னதற்காகப் பிற்பாடு அவர் பல நாள் தூங்காமல் கிடந்தார். சொன்ன அன்று நன்றாகத்தான் தூங்கினார்.

ட்ரெவருக்குப் பதில் சொல்லும் விதமாக, சாமானின் படத்தைச் சங்கத்தின் செய்தி மடலில் போடச் சொல்லிப் பெரிலிடம் கொடுத்தார். அடியில் 'ரோமானியர் காலமாக இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். அச்சில் வரும்போது 'இருக்கலாம்' இடப்பற்றாக்குறையால் காணாமல் போயிருந்தது. வயலின் பெயர் மட்டும் சரியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு பேர் டிடெக்டரோடு வந்து இறங்கினார்கள். விதைத்துப் பத்து நாள்கூட ஆகாத வயல். திங்கட்கிழமை காலை பண்ணைக்காரர் ஆஸ்க்யூ டெஸ்மண்டின் வாசலில் நின்றார்.

"என் பார்லி மேல ரோமாபுரிப் படையே நடந்து போயிருக்கு."

"நான் யாரையும் கூப்பிடலீங்க."

"இனிமே உங்களையும் யாரும் கூப்பிடப் போறதில்ல. கேட் சாவியக் குடுங்க."

இருபத்து மூன்று வருஷத்து அனுமதி. டெஸ்மண்ட் சாவியைக் கொடுத்தார். அந்த முள்மரத்தடியில் இனி உட்கார முடியாது என்பது கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

அந்த வாரம் கடையில் ட்ரெவரின் மனைவி மோரீன் எதிர்ப்பட்டாள். இரண்டு வீட்டு ஆண்களும் பேசாவிட்டாலும் அவள் பேசுவாள். அவள் கூடையில் வழக்கம்போல இஞ்சி பிஸ்கட் இருந்தது. கொஞ்ச நாளாகவே டெஸ்மண்ட் அவள் கூடையில் அதைப் பார்க்கிறார். ட்ரெவருக்கு இஞ்சி வாசனையே ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஆறு வருஷத்தில் மனுஷன் நாக்குகூட மாறிவிட்டது போல, என்று நினைத்துக்கொண்டார்.

"அந்தச் சாமான் என்னன்னு தெரிஞ்சுதா டெஸ்மண்ட்?"

"விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"பெரிய பெரிய ஆளுங்ககிட்ட."

"ஓஹோ." அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். "பெரிய ஆளுங்க சொல்லலன்னா எங்க வீடு தெரியுமில்ல? அவர் மத்தியானமெல்லாம் சும்மாதான் ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கார்."

டெஸ்மண்ட் வெண்ணெய் விலையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

பெரிய ஆள் என்றால் மாவட்ட அருங்காட்சியகம்தான். சாமானைத் தபாலில் அனுப்பினார். பதில் வருவதற்குள், கிராம மன்றத்தில் பெரில் ஏற்பாடு செய்த கூட்டத்தில் 'நம் மண்ணில் ரோமானியர்' என்று நாற்பது நிமிஷம் பேசினார். கைதட்டினார்கள். பாதிரியாரே எழுந்து வந்து கைகொடுத்தார்.

மறுநாள் காலை அருங்காட்சியகத்து அதிகாரி போன் செய்தாள். இளம் குரல், ரொம்ப மரியாதை.

"ஐயா, இது ரோமானியர் காலம் இல்லீங்க."

"அதுக்கும் முந்தியா?"

"கொஞ்சம் பிந்தி. மிஞ்சிப்போனா அஞ்சாறு வருஷம் ஆகியிருக்கும். லேத்துல கடைஞ்சது. கைவேலை ரொம்ப சுத்தமா இருக்கு. சக்கரத்த யாரோ பசை போட்டு ஒட்டியிருக்காங்க, அது மட்டும் மோசம்."

"எந்த மெஷினோட பாகம்?"

"எனக்குத் தெரிஞ்ச எந்த மெஷின்லயும் இது வராதுங்க. எங்களுக்கு மெஷின் சாமான்ல சந்தேகம் வந்தா உங்க ஊர்க்காரர் ஒருத்தர்கிட்டதான் அனுப்புவோம். ட்ரெவர்னு..."

டெஸ்மண்ட் போனை வைத்தார்.

எப்படித்தான் பரவியதோ, இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு வளைந்த கரண்டி, 'நீரோ மன்னன் சூப் குடித்ததா?' என்ற சீட்டோடு. மறுநாள் ஒரு சைக்கிள் மணி. அதற்கடுத்த நாள் குழாய்த் தலை. பாதிரியார் சாலையின் எதிர்ப்பக்கமாகவே நடந்தார், சிரிப்பை அடக்க முடியாமல்.

"இனிமே இழக்க என்ன இருக்கு உங்களுக்கு?" என்றாள் பாலின். "வயல் போச்சு, மானம் போச்சு, என் கிண்ணமும் போச்சு. போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

அருங்காட்சியகத்திலிருந்து தபாலில் திரும்பி வந்திருந்த சாமானை டெஸ்மண்ட் மேசையில் தள்ளி வைத்தார். பிறகு ஆறு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"குச்சி நகரல பாலின். நான் பாத்துட்டுத்தான் தோண்டினேன்."

"தெரியும்," என்றாள் பாலின். "அவருக்கும் தெரியும். நீங்க சொல்லணும்னுதான் காத்துக்கிட்டிருக்கார்."

வியாழக்கிழமை மத்தியானம் டெஸ்மண்ட் ஷூ துடைத்தார். ஒரு பையில் சாமான், இன்னொரு பையில் தீப்பெட்டி. முதலில் பொத்தானைக் கொடுப்பது, அப்புறம் சாமானை நீட்டி, 'ட்ரெவர், இது என்னய்யா?' என்று கேட்பது. வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். நாலு தடவை சொன்னதும் அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், கேட்க வேண்டும் என்று ஆசையாகவே இருந்தது.

ட்ரெவர் வீட்டு வாசலில் மூன்று கார் நின்றது. ஜன்னலோர நாற்காலியில் ஆளில்லை.

'விருந்தாளிங்க போல. கூட்டத்துல எப்படிச் சொல்றது?' என்று திரும்பிவிட்டார். சனிக்கிழமை வரலாம். அந்த முடிவு அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவரால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை.

கார்களில் ஒன்று டாக்டருடையது, இரண்டு பிள்ளைகளுடையது. வெள்ளிக்கிழமை விடிகாலையில் ட்ரெவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து மன்றத்தில் டீ கொடுத்தார்கள். பன்றிக்கறி சாண்ட்விச், பழக் கேக், மேசையின் ஓரத்தில் பிரிக்காத இஞ்சி பிஸ்கட் பொட்டலங்கள் ஏழெட்டு. டெஸ்மண்ட் எதையும் தொடவில்லை. கோட்டுப் பையில் சாமான் கனத்தது. தீப்பெட்டியைத் தேவாலயத்திலேயே, யாரும் பார்க்காதபோது, சவப்பெட்டியின் மேல் இருந்த பூக்களுக்குள் செருகிவிட்டிருந்தார். அதை ட்ரெவர் கையில் கொடுத்திருக்கலாம். எட்டு நிமிஷ நடைதான்.

மோரீன் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க டெஸ்மண்ட். உங்களுக்குன்னு வாங்கினதுதான்."

"எனக்கா?" என்றார். இஞ்சி பிஸ்கட் என்றால் தனக்கு உயிர் என்பதை ட்ரெவர் மறக்கவே இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் பையில் கைவிட்டு, சாமானை எடுத்து மேசையில் வைத்தார்.

"இத அவன்கிட்ட கேக்கணும்னு வந்தேன் மோரீன். வாசல்வரைக்கும் வந்தேன். இனிமே இது என்னன்னு சொல்ல யாருமில்ல."

மோரீன் அதைக் கையில் எடுத்தாள். ஒட்டிப்போன சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். சுற்றவில்லை.

"இது ஒண்ணுமே இல்ல டெஸ்மண்ட். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாத ஒரு சாமானப் புதைச்சு வச்சா, நீங்க எங்க வீட்டுக்கு வந்துதானே கேட்டாகணும்னு, அவர் ஷெட்ல பத்து நாள் உக்காந்து தானே செஞ்சார்."