காலரில் ஒரு மைக்

"சார், நேத்து வகுப்புல தொண்ணூறு சதவீதம் நீங்களே பேசியிருக்கீங்க," என்றாள் கவிநிலா.

பேராசிரியர் பரசுராமனுக்குச் சுருக்கென்றது. "நானா? நான் ரொம்பக் கம்மியா பேசற ஆளும்மா. வீட்டுல வாயே தொறக்க மாட்டேன்."

இருக்கலாம். மனைவி ஜோதி இறந்ததிலிருந்து வேங்கிக்கால் வீட்டில் அவர் ஒருவர்தான்.

கவிநிலா, வேதியியல் வகுப்பில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யச் சென்னையிலிருந்து புதிதாக வந்தவள். ஆசிரியர் காலரிலும் மாணவர் பெஞ்சுகளிலும் மைக் மாட்டுவாள். பிள்ளைகள் பேசிப் பேசிக் கற்க வேண்டும் என்பது கல்லூரியின் புதுக் கொள்கை. பரசுராமன் பேச்சு பாதியாகக் குறையாவிட்டால், அவர் வகுப்பு இளம் ஆசிரியர் சரவணகுமாருக்குப் போய்விடும். அது போனால், அவர் பேச்சைக் கேட்க ஊரில் வேறு ஆளில்லை.

மறுநாள், மாணவர்கள் ஏன் பேச வேண்டும் என்று விளக்கினார். மணியடிக்கும்வரை விளக்கினார்.

"இன்னும் ஏறிடுச்சு சார். கேள்வி கேளுங்க. கேட்டுட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்க."

கேட்டார். "அமிலத்துல துத்தநாகம் போட்டா என்ன வரும்? ஹைட்ரஜன் வரும். ஏன் வரும்? இருங்க, நானே சொல்றேன்."

அதற்கடுத்த வகுப்பில், வீம்பாக, கரும்பலகையில் 'நான் பேச மாட்டேன்' என்று எழுதிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

"சார் மௌன விரதம்டா!" என்றான் திருமலை.

திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பே பெஞ்சில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கடைசி வரிசையில் ஒருவன் குறட்டையே விட்டான். அன்றைய மாணவர் பேச்சு, திருமலை சொன்ன மூன்றே சொல்.

அவமானத்தில் பரசுராமன் மைக்கைக் கழற்றவும் மறந்து ஸ்கூட்டரில் ஏறிப் போனார். மறுநாள் காலையில்தான் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை கவிநிலா முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள்.

"சார், மைக் உங்க வீட்டுலயும் ஓடியிருக்கு. மன்னிச்சுக்கோங்க, கேட்டுட்டேன். 'ஜோதி, ரசத்துல புளி ஜாஸ்தியா?'ன்னு கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கீங்க! 'அவசரமில்ல, யோசிச்சு சொல்லு'ன்னு வேற. ஒரு தடவைகூட நீங்களே பதில் சொல்லல. வகுப்புல இதைத்தான் சார் நாங்க கேக்கறோம்!"

பரசுராமன், மைக் இருந்த காலரைத் தடவிப் பார்த்தார்.

"ஒரே ஒரு குறை சார். அவங்க பதில் எதுவும் பதிவாகல. நாளைக்கு அம்மாவுக்கும் ஒரு மைக் மாட்டிடலாமா?"