கடைவாய்ப் புனிதை

தூசி உறிஞ்சும் மிஷினின் பையைக் கிழித்து, அதற்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார் தேவாலயத்தின் எடுபிடி வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை. உள்ளே புனிதை இருந்தாள்.

முழுப் புனிதை அல்ல. ஒரே ஒரு கடைவாய்ப் பல். விசுவாசத்துக்காக அவளுடைய பற்களையெல்லாம் அடித்து நொறுக்கினார்களாம். அதில் தப்பிய ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் பித்தளைப் பேழைக்குள், புடைத்த கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புப் பட்டில் வீற்றிருந்தது. பல்வலிக்காரர்களுக்கு அவள்தான் பாதுகாவலி. வருஷத்துக்கு ஒருமுறை அவளுடைய திருநாளன்று எல்லோரும் வரிசையில் வந்து பேழையை முத்தம் செய்வார்கள். அந்தத் திருநாள் நாளைக்கு.

காலையில் துடைக்கும்போது பேழை கைநழுவிக் கம்பளத்தில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது. யாராவது வெறுங்காலோடு மிதித்துத் தொலைக்கப் போகிறார்களே என்ற நல்லெண்ணத்தில் அவர் மிஷினை ஓட்டினார். குழாய்க்குள் ஏதோ கடகடவென்று உருண்டு போன சத்தம் கேட்ட பிறகுதான் பேழைக்குள் பார்த்தார். பட்டு மட்டும் இருந்தது.

பையில் இருந்த தூசி மூக்கில் ஏற, அவர் ஒரு தும்மல் போட்டார். சாதாரணத் தும்மல் அல்ல. பீடத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மேகம் எழும்பி, பூசை உடைகள் மேல் சாவகாசமாக இறங்கியது.

பூச்சாடி வைக்க வந்த அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "நாளைக்குத் திருநாளை வச்சுக்கிட்டு என்னண்ணே இது கோலம்?"

"எதையும் தொடாதே! நானே பெருக்கிக்கறேன்."

"நீங்க பெருக்கின லட்சணம்தான் தெரியுதே."

அவர் சல்லடை தேடிச் சாமியார் வீட்டுச் சமையலறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அறை பளிங்கு மாதிரி இருந்தது.

"குப்பை எங்கம்மா?"

"வண்டி வந்துச்சு, போட்டுட்டேன். ஒரு நன்றிகூட வேண்டாம், விடுங்க."

கோயில்பிள்ளை சல்லடையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாக்கு தானாகக் கடைவாயில் இருந்த ஓட்டைக்குப் போனது. கவலை வந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வது அதன் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிடுங்கிய பல்லின் இடம் அது.

அப்போதுதான் மனைவியின் தையல் பெட்டி நினைவுக்கு வந்தது.

அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. பெட்டிக்குள், நூல்கண்டுகளுக்கு அடியில், ஒரு சின்னத் தைல டப்பா. அதில் பஞ்சு சுற்றிய பல் ஒன்று. பக்கவாட்டில் பூச்சி அரித்த மாதிரி ஒரு ஓட்டை. அவள் பல்வலியில் துடித்த நாட்களில், "அதுக்குன்னே ஒரு புனிதை இருக்காளே, அவகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டியவர் அவர். கடைசியில் அவள் தனியாகவே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பல்லைத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்.

ஒன்று மட்டும் விசித்திரம். பல்வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் தினமும் காலையில் கோயிலுக்கு வந்து பேழைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பாள்.

"எலும்புக்குக் குடுக்கற, எனக்குக் கிடையாதா?" என்பார் இவர்.

"உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்று சிரிப்பாள்.

"ஒரு பொம்பளைக்கு இவ்வளவு பெரிய பல்லா!" என்று அவர் வியந்தால், இன்னும் அதிகமாகச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு தரமாவது எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

வேறு வழி தெரியாமல் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடிகாரக்காரரிடம் போனார். புடைத்த கண்ணாடி அவரிடம்தான் கிடைக்கும். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய அந்தப் பெரியவர் காலிப் பேழையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள இருந்த ஆள் எங்கப்பா?"

"பத்திரமா இருக்காங்க. நானே வச்சுக்கறேன், அண்ணே."

அவர் திரும்பி உட்கார, இவர் பல்லைப் பட்டில் பதித்துக் கொடுத்தார். கண்ணாடி ஏறியது. பின்பக்க முத்திரைதான் மிச்சம். பழைய அரக்கில் நாலு புள்ளிகள் இருந்தன. நாலு நற்செய்தியாளர்களைக் குறிக்கும் பழங்காலச் சின்னம் அது என்று சாமியார் பிரசங்கமே வைத்திருக்கிறார். கடிகாரக்காரர் அரக்கை உருக்கி ஊற்றி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து அழுத்தினார். அச்சு அசலாக அதே நாலு புள்ளிகள்.

கோயில்பிள்ளைக்கு வந்த நிம்மதியில், இது எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் சாமியார் பேழையை உயர்த்திப் பார்த்து, "புனிதை கொஞ்சம் இளைச்சுட்டாங்களோ?" என்றார்.

"தவக்காலம் வருதுல்ல சாமி" என்றார் இவர்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு கண்ணாடியைத் துணியால் துடைப்பது கோயில்பிள்ளையின் வேலை. முதல் சில பேர்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு கறிக்கடைக்காரர் தன் பெரிய மீசையோடு குனிந்தார். கோயில்பிள்ளைக்குச் சுருக்கென்றது. தான் ஒருநாளும் அவளிடம் இப்படிக் குனிந்ததில்லை. இந்த ஆள் யார் குனிவதற்கு?

"போதும், போதும். நகருங்க."

"இன்னும் உதடே படலையேப்பா!"

"மீசை பட்டுடுச்சு. அது போதும்."

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. கன்னம் வீங்கி வந்த பேருந்து நடத்துநர் முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு, பேருந்தில் கத்துவது போலவே கத்தினார்: "வலி போயிடுச்சு! போயே போயிடுச்சு!"

எத்தனையோ வருஷமாக இந்தப் புனிதை யாருக்கும் ஒன்றும் செய்ததில்லை. அவளுக்கு வயதாகிவிட்டது என்று ஜனங்கள் மனதைத் தேற்றிக்கொண்டு பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது கூட்டம் தெருமுனை வரை நின்றது. செய்தி ஆயரின் காதுக்கு எட்டியது. பேழையைப் பேராலயத்துக்கே கொண்டுபோய் நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

கோயில்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடையது என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு பல்தான். உயிரோடு இருந்தபோது அவளைக் கண்டுகொள்ளாமல் விட்டாயிற்று, இதையுமா விடுவது?

நேரே பல் டாக்டரம்மாவிடம் போனார்.

"டாக்டர், ஒரு பல் வேணும்."

"கட்டணுமா? வாயைத் திறங்க."

"வாய்க்கு இல்லம்மா. சும்மா, பிடுங்கினது ஏதாவது இருந்தா..."

"எதுக்கு?"

"ஒரு ஞாபகார்த்தமா."

"யாரோட ஞாபகமா?"

"யாரோடதா இருந்தாலும் பரவாயில்ல."

ஆள் கிளம்பினால் போதுமென்று அவள் பஞ்சில் சுற்றி ஒன்றைக் கொடுத்தாள். அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து, முத்திரையை உடைத்து, மனைவியின் பல்லைச் சட்டைப்பைக்குள் போட்டு, புதியதை அவசரமாகப் பட்டில் அமுக்கினார். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி, தன் சட்டைப் பொத்தானையே அழுத்தி முடிக்கவும், சாமியார் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

சாமியார் பேழையின் பின்பக்கத்தைப் பார்த்தார். இரண்டே இரண்டு புள்ளிகள்.

"நாலு நற்செய்தியாளர்ல ரெண்டு பேர் எங்க?"

கோயில்பிள்ளை தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். இரண்டு துளைப் பொத்தான்.

சாமியார் முன்பக்கம் திருப்பினார். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "ஏன்யா, அந்தக் காலத்துல பல்லுக்கு வெள்ளி அடைப்பு வைப்பாங்களா?"

"புனிதையாச்சே சாமி... காலத்தைக் கடந்தவங்க..."

"யோவ்!"

அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மிஷின், தும்மல், சல்லடை, டப்பா, கடிகாரக்காரர்.

சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்போ ஊரே உன் பொண்டாட்டி பல்லுக்கா முத்தம் குடுத்துச்சு? ஆயர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? வா, அந்தக் கடிகாரக்காரரையும் நாலு கேள்வி கேட்கறேன்."

கடையில் நாலா பக்கமும் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. சாமியார் இரைந்து முடிக்கும்வரை பெரியவர் பொறுமையாக இருந்தார். பிறகு கோயில்பிள்ளையிடம் கையை நீட்டினார்.

"அந்தப் பல்லைக் குடு."

வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "இந்த ஓட்டை பூச்சி அரிச்சது இல்லப்பா. பட்டுல கம்பி போட்டுக் கட்டறதுக்குத் துளைச்சது. இது உன் பொண்டாட்டி பல்லு இல்ல. புனிதையோட நிஜப் பல்லு."

சாமியார் பொத்தென்று முக்காலியில் உட்கார்ந்தார். "நிஜமா?"

"பல வருஷத்துக்கு முன்னாடி அந்தம்மாவும் இதே மாதிரி உடைஞ்ச பேழையோட வந்து நின்னாங்க சாமி. இவருக்கு உடம்பு முடியலைன்னு இவர் வேலையை அவங்க பார்க்கப் போயி, கீழ போட்டுட்டாங்க. பல்லு எங்கயோ ஓடிடுச்சு. வேற ஒண்ணை வச்சு, பொத்தானால முத்திரை போட்டுக் குடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சு நிஜப் பல்லு துடைக்கற துணி மடிப்புல கிடைச்சிருக்கு. பிரிச்சு மாத்திடலாம்மான்னேன். 'வேண்டாம்ணே, உள்ள இருக்கறதே இருக்கட்டும்'னு சொல்லிட்டாங்க."

சாமியார் அந்தப் பல்லை இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணை மூடி, முத்தம் கொடுத்தார். அவருடைய பிரச்சினை தீர்ந்துவிட்டது.

கோயில்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. "இத்தனை வருஷமா உள்ள இருந்தது யாரோடது, அண்ணே? நான் மிஷின்ல விட்டது?"

தெருவில் குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு போனது. சத்தம் அடங்கும்வரை கடிகாரக்காரர் காத்திருந்தார்.

"கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்து நீ சுருண்டு படுத்திருந்தியேப்பா, அன்னிக்கு அவ கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்த பல்லுதான். வேற எவன் பல்லுக்கு அவ தினமும் முத்தம் குடுப்பா?"