நேர்முகத் தேர்வும் பக்கத்துக் கதவும்

பேரன்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை நலம், தங்கள் மருமகளும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. இந்தக் கடிதத்தைத் தாங்கள் மட்டும் படிக்கவும். தங்கள் தங்கைக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன்.

பாட்டில் தொழிற்சாலையை மூடியதிலிருந்து நான் வீட்டில் இருப்பது தாங்கள் அறிந்ததே. போன வாரம் ஒரு குளிர்பதனக் கிடங்கிலிருந்து மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று அழைப்பு வந்தது. சந்தோஷப்படுவதற்குள் என் மகள், அதான் தங்கள் மருமகள், குறுக்கே புகுந்தாள். "இப்பல்லாம் வேலையைப் பத்தி கேக்க மாட்டாங்கப்பா. நீங்க எப்படி நடந்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்க. ஒரு சிக்கல் வந்தப்ப என்ன பண்ணீங்க, கூட வேலை பாக்கறவரோட தகராறு வந்தப்ப என்ன பண்ணீங்க, இந்த மாதிரி. மொதல்ல நிலைமையைச் சொல்லணும், அப்புறம் நீங்க செஞ்சதை, அப்புறம் என்ன ஆச்சுன்னு. 'நாங்க'ன்னு சொல்லக்கூடாது, 'நான்'னு சொல்லணும்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். இத்தனை வருஷ வேலையில் நான் என்று தனியாக எதையும் செய்ததாக ஞாபகமே இல்லை. சரி, தொழிற்சாலையில் தீப்பிடித்த கதையைச் சொல்லலாம் என்று ஒத்திகையில் ஆரம்பித்தேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த தங்கள் தங்கை தலை நிமிராமல், "அன்னிக்கு நீங்க வாசல் கேட்டுக்கு வெளியிலதான நின்னீங்க, சட்டையெல்லாம் புகை நாத்தம்னு எனக்குப் போன் பண்ணீங்களே" என்றாள். காவலாளியோடு தகராறு வந்ததைச் சொன்னேன். "கடைசில மன்னிப்பு கேட்டது யாரு?" என்றாள். இப்படி ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் என் கையில் கதையே இல்லை.

இன்று காலை போனேன். நாற்காலிகளில் மூன்று பேர்: கண்ணாடி போட்ட அம்மா, வழுக்கைக்காரர், நிமிர்ந்தே பார்க்காத ஒரு இளைஞர். ஒரு பெரிய வேலையைக் குழுவாகச் செய்த அனுபவம் உண்டா என்றார் வழுக்கைக்காரர். 'நான்' என்று உரு ஏற்றியிருந்தேன் அல்லவா, நான் லாரியை நிறுத்தினேன், நான் பெட்டியை இறக்கினேன், நான் அடுக்கினேன், நான் லாரியை ஓட்டிக்கொண்டு போனேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். "மத்தவங்கல்லாம் என்ன பண்ணாங்க?" என்றார் அந்த அம்மா. நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். அவரே பாவப்பட்டு, "நீங்க ரொம்ப பயந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்க. எப்படிச் சமாளிச்சீங்க?" என்றார். "இதோ, இப்பதாங்க. இன்னும் சமாளிக்கலீங்க" என்றேன். வழுக்கைக்காரர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

நன்றி சொல்லி எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்தால், அது வெளியே இல்லை மச்சான். பழைய கோப்புகள் அடுக்கிய ஒரு பொந்து. திரும்பிப் போக வெட்கம், நிற்கப் பயம். நின்றேன். அடுத்து வந்தவர் எல்லாக் கேள்விக்கும் மழை மாதிரி பதில் பொழிந்ததை உள்ளேயிருந்தே கேட்டேன். தும்மல் வேறு வந்தது, மூக்கைப் பிடித்து விழுங்கினேன். அவர் போனதும் ஏதோ காகிதம் எடுக்க அந்த அம்மா கதவைத் திறந்தார். அலறவில்லை. "இங்க என்ன பண்றீங்க?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "நிலைமை என்னன்னா, தப்பான கதவைத் திறந்துட்டேன். உங்க வேலையைக் கெடுக்க வேணாம்னு சத்தம் போடாம நின்னேன். இப்ப நீங்க பாத்துட்டீங்க. அடுத்த தடவை கதவைப் பாத்துத் திறப்பேன்" என்றேன். அந்த இளைஞர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். சரியான கதவைக் கை காட்டினார்.

வீட்டில் தேர்வைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். தங்கள் தங்கை ஒன்றும் கேட்காமல் தேநீர் கொடுத்தாள், அதுவே குலை நடுங்க வைக்கிறது. தங்கள் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கும் வேலையானாலும் ஒன்று பார்த்துவைக்க வேண்டும். தாங்களாகவே கூப்பிட்டதாக இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். எல்லோரும் நோய் நொடியின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: அண்ணா, இதைத் தபாலில் போடச் சொல்லி என்கிட்டயே குடுத்தார். உறை மேல விலாசம் இல்ல, ஒட்டவும் இல்ல. அதான் படிச்சேன். கடையில ஒண்ணும் பாக்க வேணாம். இவர் பஸ்ஸில் வந்துக்கிட்டிருக்கும்போதே அந்தக் கண்ணாடி போட்ட அம்மா, விண்ணப்பத்துல இருந்த வீட்டு நம்பருக்குப் போன் பண்ணிட்டாங்க. "உங்க வீட்டுக்காரர் எப்பவுமே இப்படித்தானா?" ன்னு கேட்டாங்க. "ஆமாங்க, எப்பவுமே இப்படித்தான்" னேன். "அப்ப திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லுங்க" ன்னாங்க. நான் இன்னும் அவர்கிட்ட சொல்லல. மொதல்ல அவர் வாயால நிஜம் வரட்டும்.