அந்தக் கதவு என்ன நிறம்?

பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவரின் போன், வேலைக்கு வந்ததும் வராததுமாக வெள்ளை பெயிண்ட் டின்னுக்குள் விழுந்து உயிரை விட்டது. விழுந்ததுதான் விழுந்தது, வேறு நாள் பார்த்து விழுந்திருக்கலாம். வாடகைக்குப் பேசியிருந்த வீட்டுக்கு அன்று மதியத்துக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். பன்னிரண்டு மணிவாக்கில் அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் இன்னொரு குடும்பம் ரொக்கத்தோடு காத்திருந்தது. இவருடைய பணமோ மனைவியின் கணக்கில். வீட்டுக்காரரிடம் போனை இரவல் வாங்கி அவளைக் கூப்பிட்டார்.

"நான்தான் பேசுறேன். முன்பணத்தை இந்த நம்பருக்கு அனுப்பு."

மனைவி கேட்டாள். "நாம முதல்ல குடியிருந்த வீட்டுக் கதவு என்ன நிறம்?"

கேள்வியை ஏற்பாடு செய்தவர் அவரேதான். குரலைக்கூட அப்படியே பேசி ஏமாற்றுகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, புது நம்பரிலிருந்து யார் பணம் கேட்டாலும் முதலில் இதைக் கேட்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தார். அந்தக் கதவுக்கு பெயிண்ட் கலந்து அடித்தவரும் அவரே. தெம்பாகப் பதில் சொன்னார்.

"நீலமும் மஞ்சளும் கலந்து, மேல கொஞ்சம் கறுப்பு விட்டது."

மனைவி போனை வைத்துவிட்டாள்.

விவரம் கூடிப்போச்சு என்று நினைத்து மறுபடி கூப்பிட்டு, சுருக்கமாகப் பாசி நிறம் என்றார். ஒரே கதவுக்கு எத்தனை பதில்தான் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி வைத்தாள்.

முகத்தைக் காட்டினால் தீர்ந்தது என்று வீடியோவில் அழைத்தார். மணி அடிக்கும்போதே திரையில் மனைவி வைத்திருந்த முகப்புப் படம் வந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் அந்தக் கதவின் முன்னால் நின்று எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கதவா? பச்சைதானே?"

"பச்சைன்னு பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாதுங்க. அப்படிச் சொன்னா கடையில என்னை யாரும் மதிக்க மாட்டாங்க."

மனைவி திரையில் வந்தாள். போனை டின்னிலிருந்து எடுக்கப்போய் அவர் கன்னமெல்லாம் வெள்ளை அப்பியிருந்தது.

"முகத்தைக்கூட அரைகுறையாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். "என் புருஷன் எப்படிப் பதில் சொல்வார்னு எனக்கு நல்லாத் தெரியும்."

திரை இருண்டது. தான் தானில்லையோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் தட்டியது.

கடைசியாக அதே போனில் மச்சானையும் இணைத்து அக்காவிடம் பேசச் சொன்னார். தம்பியையும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். அவன் அந்தக் கதவைப் பார்த்ததே இல்லை. ஆக, இது ஒரு கும்பல் என்று முடிவுசெய்து, வீட்டுக்காரரின் நம்பரை வங்கியின் புகார்ப் பிரிவில் சொல்லிவிட்டாள். சற்று நேரத்தில் வங்கியிலிருந்தே வீட்டுக்காரருக்கு அழைப்பு வந்தது. பேசி முடித்த அவர் முகம் சிவந்திருந்தது. கணக்கை முடக்கிவிட்டார்களாம்.

சாவி ரொக்கத்தோடு நின்ற குடும்பத்தின் கைக்குப் போனது.

நல்ல வீடு கைநழுவிவிட்டது. அழுகை வராத குறையாக வீடு திரும்பினார். கூடத்தில் மனைவியும் மகளும் பாத்திரங்களைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாவி எங்கங்க?" என்று மனைவி சிரித்த முகமாகக் கேட்டாள்.

பணமே அனுப்பாமல் சாவியை எப்படிக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் குழம்பியது. அவருக்கு வாதாடத் தெம்பில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகத் தொழிலை விட்டுக்கொடுத்தார்.

"சரி, பச்சை. பச்சைதான் அந்தக் கதவு. போதுமா?"

கட்டிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து மகள் நிமிர்ந்தாள்.

"இதைக் காலையிலயே வேற நம்பர்ல கூப்பிட்டுப் பணம் வாங்கினப்ப மட்டும் எப்படிப்பா டக்குன்னு சொன்னீங்க?"