சீனாக்காரன் போட்ட விரிசல்

கேக்கை எங்கே ஒளிப்பது என்று ரிக்கேவுக்குத் தெரியவில்லை. கேன்டீன் ஃபிரிட்ஜின் மேல்தட்டு முழுக்க வினிகரில் ஊறிய மீன். கீழ்த்தட்டில் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி.

"அந்தப் பெட்டிய மட்டும் தொடாத," என்றாள் சமையல்கார தோவே.

"அப்ப இதை எங்க வைக்கிறது?"

"மேஜை மேல வை. வெள்ளிக்கிழமை கேக் இருபது வருஷமா அங்கதான இருக்கு?"

"இன்னிக்குக் கூடாதாம். முதலாளி எஸ்பன் உத்தரவு."

டென்மார்க்கில், யூட்லாந்தின் அந்த ஆலையில் காற்றாலைகளுக்கான மூடிகள் செய்கிறார்கள். கேன்டீன் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: தப்பு செய்தவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். கேக் வந்தபின் அந்தத் தப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது. தொழிற்சங்கத் தலைவர் பல்லே மட்டும் இதுவரை பதினொரு கேக் கொண்டுவந்திருக்கிறார். இன்னும் அவர்தான் தலைவர்.

ரிக்கேவின் தப்பு அப்படிச் சின்னத் தப்பு இல்லை. மூடிகள் சூட்டறையில் பதினாறு மணி நேரம் இருக்க வேண்டும். போன டிசம்பரில், ஆலையின் கிறிஸ்மஸ் விருந்து அன்று, எல்லாரும் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். தரம் பார்க்கும் அவள் பன்னிரண்டு மணி நேரத்தில் மூடிகளை வெளியே எடுத்தாள். பதினாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆடப் போனாள். பன்றிப் பண்ணையில் முதுகொடிந்த குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். "எம் பொண்ணு கையெழுத்துப் போட்டா அது கல்லு," என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கல்லு இப்போது, அந்த மூடிகளை வாங்கிய அமெரிக்க ஆலையில், ஒஹாயோவில் விரிசல் விட்டிருந்தது. அங்கே அறுபது பேரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் கண்டுபிடித்து வரச் சொல்லி வெண்டல் என்ற பெரிய உடம்புக்காரரை இங்கே அனுப்பியிருந்தார்கள். தப்பு இந்தப் பக்கம் என்று அவர் எழுதினால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் இரண்டாம் ஷிப்டின் பதினாலு பேரும் போவார்கள்.

அந்த வாரம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வெண்டல் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல எங்க பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்..."

"தெரியுமே," என்றார் பல்லே. "சீனாக்காரன்."

வெண்டல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

முதலாளி எஸ்பன் அதைத் தாவிப் பிடித்துக்கொண்டார். "பின்ன? போல்ட்டெல்லாம் அவன் ஊருதானே?"

"ம். போல்ட்டு," என்று வெண்டல் மெதுவாக எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் சுவர்க் காகிதத்தின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தோவேயைக் கேட்டார்.

ரிக்கேவுக்கு எரிந்தது. பத்து வருஷமாக இதே பல்லே இதே கேன்டீனில் பேசியது அவளுக்கு மனப்பாடம். "அமெரிக்காக்காரனுக்கு ஆலை மூடினா சீனாக்காரன், வேலை போனா மெக்சிகோக்காரன், மழை பெய்யலன்னா வாஷிங்டன். கண்ணாடியில மட்டும் பாக்க மாட்டான்."

"இப்ப நீங்க பாத்தீங்களா கண்ணாடி?" என்று கூட்டம் முடிந்ததும் அவரைக் கேட்டாள்.

"பதினாலு குடும்பம் இருக்கு ரிக்கே. அவனுக்குப் பிடிச்சதைச் சொல்றோம். அதுல என்ன தப்பு?"

செவ்வாய்க்கிழமை அதை எழுத்தில் கேட்டார் வெண்டல். ஆலையிலேயே அதிகம் படித்தவள் என்று ரிக்கேவையே எழுத வைத்தார்கள். சீனப் போல்ட்டின் தரக்குறைவு பற்றி, ஒரு சீனப் போல்ட்டையும் கையில் தொடாமல், இரண்டு பக்கம் எழுதினாள். பல்லே ஒரு பக்கம் கூடச் சேர்த்தார்.

புதன்கிழமை வெண்டலுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. சூட்டறை வாசலில் அவர் நின்றார்.

"இங்க தப்பு பண்ணினா கேக் மட்டும்தானா?"

"மட்டும்தான்."

"எங்க ஊர்ல 'என் தப்பு'ன்னு சொன்னா வேலை போயிடும். வேலையோட ஆஸ்பத்திரிக் காப்பீடும் போயிடும். என் பெண்டாட்டிக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனாலதான் நாங்க தூரத்துல இருக்கறவனாப் பாத்துத் திட்டறோம். அவன் நம்மள வேலைய விட்டுத் தூக்க மாட்டான் பாருங்க."

 பல்லேயின் பத்து வருஷப் பேச்சில் இந்த டயாலிசிஸ் ஒருநாளும் வந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் ரிக்கே மாவு பிசைந்தாள்.

அந்தக் கேக்தான் இப்போது கையில். வெண்டல் ஊருக்குக் கிளம்பும் நாளும் அதுதான். அவர் காப்பிக்குப் பால் தேடிக் கேன்டீனுக்குள் நுழைந்தார்.

"அட, கேக். யாரோட தப்பு?"

பின்னாலேயே ஓடிவந்த எஸ்பன் முந்திக்கொண்டார். "தப்பெல்லாம் இல்ல. பிறந்தநாள். பல்லேக்கு."

மேஜையில் காப்பியோடு உட்கார்ந்திருந்த பல்லே ஒரு நொடி விழித்தார். "ஆமா. எனக்கு."

"எத்தனை வயசு?"

"அறுபது," என்றார் ஐம்பத்தேழு வயசுப் பல்லே.

அறுபது என்றதும் நிலைமை கைமீறிவிட்டது. டென்மார்க்கில் அறுபதாம் பிறந்தநாளைக் கேக்கோடு முடிக்க முடியாது. மேஜையில் கொடி வைத்தாக வேண்டும், எழுந்து நின்று பாடியாக வேண்டும், முதலாளி பேசியாக வேண்டும். பாட்டுச் சத்தம் கேட்டு ஆலையே திரண்டது. பல்லேயின் வயசு தெரிந்தவர்களை எஸ்பன் கண்ணாலேயே மிரட்டினார். யாரோ பல்லேயின் மனைவிக்குப் போன் போட்டு வாழ்த்திவிட்டார்கள். வயசில் மூணு வருஷத்தைத் தன்னிடம் ஏன் மறைத்தார் என்று கேட்டு அந்தம்மா திருப்பி அழைத்தபடி இருந்தாள்.

பாட்டு முடிந்ததும் வெண்டல் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார்.

"எங்கப்பாவோடது. எஃகு ஆலையில இருந்து அவர் ஓய்வு பெத்தப்போ குடுத்தாங்க. அந்த ஆலை இப்ப இல்ல. அறுபது வயசுலயும் மிஷின் முன்னால நிக்கற ஆளுகிட்ட இருக்கட்டும்."

பல்லே கத்தியை வாங்கினார். காது வரை சிவந்து போனது. என்ன பேசுவது என்று தெரியாதவர் தெரிந்ததைப் பேசினார். "எல்லாம் அந்தச் சீனாக்காரனால..."

"போதும் பல்லே," என்றாள் ரிக்கே.

"ரிக்கே," என்றார் எஸ்பன், அடிக்குரலில்.

"நீயும் சும்மா இரு எஸ்பன். வெண்டல், இவருக்குப் பிறந்தநாள் ஆகஸ்ட்ல. வயசு ஐம்பத்தேழு. கத்திய திருப்பி வாங்கிக்குங்க. இது என் தப்புக்கு வந்த கேக். உங்க மூடியெல்லாம் பன்னிரண்டு மணி நேரம்தான் வெந்துச்சு. பதினாறுன்னு பொய் எழுதினது நான். சீனாவ நான் படத்துலதான் பாத்திருக்கேன்."

 மேஜையிலிருந்த சின்னக் கொடி சாய்ந்தது. அதை நிமிர்த்தக்கூட ஒரு கை நீளவில்லை. இரண்டாம் ஷிப்ட் பெண்ணொருத்தி தட்டைக் கீழே வைத்தாள். பல்லே கத்தியை நீட்டினார். வெண்டல் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தோவேயைப் பார்த்துத் தலையசைத்தார்.

தோவே ஃபிரிட்ஜைத் திறந்து அந்த வெள்ளைப் பெட்டியைத் தூக்கிவந்து ரிக்கேவின் கேக் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பாடா, இதையும் இப்ப வெட்டலாம்," என்றாள். "திங்கக்கிழமையே வெண்டல் சொல்லி வெச்ச கேக்கு. ஒஹாயோவுல மூடியெல்லாத்தையும் குளிர்காலம் முழுக்கப் பனியில போட்டு வெக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவருதானாம். நீங்க எல்லாரும் சீனா சீனான்னு அவ்வளவு நம்பிக்கையாச் சொன்னீங்களா, பாவம் வெள்ளந்தி ஜனங்க, மனசு நோகக் கூடாதுன்னு மனுஷன் வாயே திறக்கல."