விபோர்க்கில் நான் வீரத்துறவிகளின் தலைவரானது

விபோர்க்,
சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த சபாரத்தினம் அத்தானுக்கு,

ஆண்டவருடைய தயவால் இங்கே நானும் கிருபாமலரும் மகள் ஜெனிதாவும் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். மற்ற விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்: இன்று மத்தியானம் நான் வீரத்துறவிகளின் தலைவராக இருந்தேன்!

சிரிக்க வேண்டாம் அத்தான். இங்கே ஊரவர்கள் சேர்ந்து கோடையில் புல்வெளியில் பழங்கால நாடகம் போடுகிறார்கள். இந்த முறை, எண்ணூறு வருடங்களுக்கும் முன்னால் இந்த டென்மார்க்கில் மூன்று அரசர்கள் தங்களுக்குள் அடிபட்ட போரின் முடிவு. அதில் யோவான் சபைத் துறவிகள் வருகிறார்கள். ஒரு கையில் வாள், மறு கையில் நோயாளிக்குக் கஞ்சி. அவர்களுடைய தலைவர் வெள்ளைக் குதிரையில் இரண்டு படைகளுக்கும் நடுவே வந்து, போர் முடிந்தது என்று அறிவித்து, காயப்பட்ட இரு பக்கத்தாருக்கும் மடத்தைத் திறந்துவிட வேண்டும். உண்மையாக நடந்ததா என்று நாடகத்தை எழுதிய மெத்தே என்ற பெண்ணிடம் கேட்டேன். “நான் எழுதினேன், அதனால் நடந்தது” என்றாள்.

நான் போனது கடைசி வரிசையில் கேடயம் பிடிக்கத்தான். தலைவராக நடிக்க இருந்தவர் முந்தாநாள் நாரிப் பிடிப்பில், இடுப்பை அசைக்க முடியாமல், படுத்துவிட்டார். மெத்தே எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள். மற்றவர்களின் தாடி ஒட்டியது, என்னுடையது முளைத்தது. அவ்வளவுதான், சபைக்குத் தலைவர் கிடைத்துவிட்டார்! வீட்டுக்கு வந்து, கலியாணம் கட்டாத துறவிகளுக்குத் தலைவர் என்றதும் கிருபாமலர் அகப்பையோடு வந்து, “அப்ப நான் ஆர்? இவ்வளவு நாளும் ஆருக்குச் சமைச்சனான்?” என்றாள். ஆனாலும் அங்கியை அவளே அயர்ன் பண்ணித் தந்தாள். ஜெனிதாவோ, சிநேகிதிகள் பார்ப்பார்கள், நான் வரமாட்டேன் என்று டெனிஷில் சொல்லிவிட்டாள். ஆனாலும் “கிரியன் எர் ஃபொபி”, போர் முடிந்தது என்ற என் ஒரே வசனத்தைத் திருத்தித் திருத்திச் சொல்லித் தந்தவளும் அவள்தான்.

இன்று கொம்பு ஊதினார்கள், நான் குதிரையில் புறப்பட்டேன். இரண்டு படைகளுக்கும் சரியாக நடுவில் குதிரை தலையைக் குனிந்து புல்லுத் தின்னத் தொடங்கியது. டெனிஷில் அதட்டினேன், தமிழில் “கொஞ்சம் நட அண்ணை” என்று கெஞ்சினேன், அசையவில்லை. இறங்கினால் அங்கி சேணத்தில் மாட்டிக் கிழிந்துவிட்டது. பாதி அங்கியோடு நடந்தேன். அப்போதுதான் பார்த்தேன் அத்தான், செத்தவர்களாக நடித்த பெடியள் சிவப்பு மை பூசிக்கொண்டு புல்லுக்குள்ளே கிடந்தார்கள். மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெரிந்த முகமா என்று ஒவ்வொன்றாய்க் குனிந்து பார்த்தேன். போர் முடிந்ததென்று ஆராவது வந்து சொல்லமாட்டார்களா என்று ஊரில் ஷெல்லடிக்கு நடுவே நாங்கள் எவ்வளவு காலம் காத்திருந்த வசனம் அது! டெனிஷ் எங்கேயோ போய்விட்டது. வாளை எறிந்துவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “சண்டை முடிஞ்சுது! எல்லாரும் வீட்டை போங்கோ!”

பக்கத்து ஊர் ஹேர்னிங்கிலிருந்து எங்கள் தமிழ்த் திருச்சபைச் சனம் ரோல்ஸும் கட்லட்டுமாகக் கார்களில் வந்திருந்தது. முன்வரிசையிலிருந்த யோகம்மா அக்கா, “ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!” என்று அழுதபடி களத்துக்குள் ஓடிவந்து, செத்துக் கிடந்த ஒரு டெனிஷ் பெடியனைக் கையில் பிடித்துத் தூக்கினார். “எழும்பு ராசா, அம்மா பாத்துக்கொண்டிருப்பா.” அவன் எழும்பிவிட்டான்! மற்றவர்களும் எழும்பினார்கள். எங்கள் சனம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துவிட்டு, வீட்டுக்குப் போகக் கூடைகளைத் தூக்கியது. நாடகம் முடிந்ததென்று டெனிஷ்காரரும் கதிரைகளை மடித்தார்கள். வென்ற அரசர் கிரீடத்தோடு கூடாரத்திலிருந்து வந்தபோது வெறும் புல்வெளி!

மெத்தே ஓடி வந்தாள். என் தலைமை முடிந்தது என்று நினைத்தேன். “என்ன சொன்னாய்?” என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல் டெனிஷில் விளக்கம் சொன்னது. ஜெனிதா! சிநேகிதிகளோடு நின்றாள். “இவர் என் அப்பா” என்றும் சொன்னாள், ஒருவரும் கேட்காமலேயே. மெத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கும் இதேபோல். தமிழிலேயே” என்றாள்.

அக்காவுக்கும் அயலட்டைச் சனத்துக்கும் சொல்லுங்கள். உங்கள் வாசலில் சமாதானம் எந்நாளும் குடியிருக்கக் கர்த்தர் அருள்செய்வாராக.

அன்பு மைத்துனன்,
ஜீவரட்ணம்
தலைவர், யோவான் சபை

பி.கு.: உறையை ஒட்டும்போது மெத்தே போன் எடுத்தாள். நாளைக்குத் தலைவர் யோகம்மா அக்காவாம். குதிரையில் ஏறுவீர்களா என்று கேட்க, கேள்வி முடியுமுன்னே “ஓம்” என்றுவிட்டாராம். நான் புல்லுக்குள்ளே செத்துக் கிடக்க வேண்டும். அவர் வந்து எழுப்பும்வரை மூச்சுக்கூட விடக்கூடாதாம். சிவப்பு மையை இப்போதே பூசிப் பார்த்தேன், அத்தான். எடுப்பாகத்தான் இருக்கிறது.