கொரியாவில் காற்றுப்போன மிதிவண்டியும் மாப்பிள்ளை பாலகுருவும்

அல் குசைஸ், துபாய்,
வியாழன் மாலை.

என் வாழ்க்கைத் துணைவி நாகஜோதியின் உடன்பிறந்தவரும், சத்வாப் பகுதியின் குளிரூட்டிகள் யாவற்றையும் கைப்பழக்கத்தால் அறிந்துவைத்திருக்கும் தொழில்வல்லுநருமாகிய திருமிகு பாலகுரு அவர்களின் திருமுன்பு, பாண்டித்துரை பணிந்து எழுதும் மடல். இங்கு நான் நலம். தாங்களும் நலம் என்பதை, தங்கள் அக்காள் கைப்பேசியில் தங்களோடு உரையாடும்போது அடுத்த அறைக் கதவோரம் நின்று கேட்டறிந்தேன். அவ்வாறு நின்று கேட்டமைக்கு முதற்கண் நாணுகிறேன். நாண வேண்டியவை இன்னும் பல உள. ஒவ்வொன்றாக வருகிறேன்.

'தாங்கள்' என்று எழுதினால் கை கூசுகிறது, மாப்பிள்ளை. இனி 'நீ' என்றே எழுதுகிறேன். வரும் ஞாயிறு காலை வானூர்தியில், விசாவை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்புகிறாய் என்று அறிகிறேன். பொங்கல் விழாவுக்குப் பின் ஒன்பது திங்களாக எங்கள் வீட்டு வாயிலை நீ மிதிக்கவில்லை. போவதற்கு முன்பும் மிதிக்கப் போவதில்லை என்று அக்காளிடம் சொல்லிவிட்டாயாம். இந்த ஒன்பது திங்களாக அவள் என்னோடு பேசும் சொற்கள் இரண்டே: 'சோறு', 'இருக்கு'. சில நாள் இரண்டாவது சொல்லும் வருவதில்லை. நீ இப்படியே வானூர்தி ஏறிவிட்டால், எஞ்சிய வாழ்நாள் முழுதும் எனக்கு அந்த இரண்டு சொற்கள்தாம் என்பது உறுதி.

அந்தப் பொங்கல் விழாவை உனக்கு நினைவூட்டும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் நான் எதையும் மறக்கவில்லை என்பதை நீ அறிய வேண்டும். அன்று காலை அரங்கின் குளிரூட்டி பழுதாகிக் கிடந்தது. நீ ஏணியில் ஏறி, நான்கு மணி நேரம் தூசியோடு மல்லாடி அதை ஓடவைத்தாய். அதற்காகவே நம் தமிழ் மன்றத்தார் நன்றியுரையை உன்னிடம் ஒப்படைத்தனர். நீ சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு தாளை மடித்துப் பிடித்தபடி ஒலிவாங்கி முன் வந்து நின்றாய். "எல்லாருக்கும் வணக்கம். டியூட்டி முடிஞ்சு, லீவு போட்டு வந்த எல்லாருக்கும் நன்றி. யல்லா, டைம் ஆச்சு, சாப்பாடு ரெடி" என்றாய். அவ்வளவுதான்! நான் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பறித்தேன். "ஒரே மூச்சில் ஐந்து அயற்சொற்கள்! தோழர்களே, இது நன்றியுரையா, துறைமுகத்தில் இறங்கிய சரக்குப் பட்டியலா?" என்று முழங்கினேன். முந்நூறு பேர் சிரித்தனர். நீ ஓடவைத்த குளிர்காற்றில் அமர்ந்துகொண்டு சிரித்தனர். இங்கே ஓர் உண்மையை எழுத வேண்டியிருக்கிறது. காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, என் பண்டகசாலையில் நான் பேசுவது என்ன? "ஜல்தி பாய், யல்லா யல்லா, கலாஸ்" (விரைந்து செய், கிளம்பு, முடிந்தது) என்பதைத் தவிர அங்கே நான் வேறொன்றும் பேசியதில்லை. அதை மேடையில் இருப்போர் எவரும் அறியார். நீ அறிவாய். அறிந்தும் அன்று நீ அதைச் சொல்லவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாயிலருகே என்னிடம் சொன்னது இது மட்டும்தான்: "அத்தான், மைக் கையில இருந்தா எல்லாரும் பெரிய ஆளுதான். கேக்குறதுக்கு ஆளே இல்லாத எடத்துல பத்து நாள் இருந்து பாருங்க."

அச்சொல்லை அறிவுரையாக ஏற்காமல் அறைகூவலாக ஏற்றதுதான் என் அடுத்த பிழை. பதினோர் ஆண்டுகளாக 'கொரிய மண்ணில் தமிழ் வேர்' என்னும் பொழிவை நான் ஆற்றிவருவதை நீ அறிவாய். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நாளுக்கும் புல்லுக்கும் அங்கே ஏறக்குறைய நம் சொற்களே வழங்குகின்றன என்று நான் கூறுமிடத்தில் அரங்கம் அதிரும். அடுத்த கூட்டத்திலேயே சூளுரைத்தேன்: கொரியாவின் மேற்குக் கடலிலிருந்து தென்கடல் வரை, ஆற்றங்கரைப் பாதையில், அறுநூற்று முப்பத்து மூன்று கிலோமீட்டர், தன்னந்தனியே மிதிவண்டியில் செல்வேன், வழிநெடுகத் தமிழன்றி ஒரு சொல்லும் உரையேன், அம்மண் என் மொழியை அடையாளம் கண்டுகொள்ளும்! கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் மிதிவண்டி ஓட்டி இருபத்தாறு ஆண்டுகள் ஆயின என்பது நினைவுக்கு வந்தது. குத்ராப் பாலைவனத் தடத்தில் நான்கு திங்கள் பயின்றேன். அத்தடம் தோசைக்கல்லைப் போல் தட்டையானது. உலகமே அவ்வாறுதான் இருக்கும் என்று நம்பினேன்.

இஞ்சியோனில் மிதிவண்டி வாடகைக்குத் தரும் கடையில் எனக்கு அமைந்த வண்டியின் இருக்கை, என் மார்பளவு உயர்ந்திருந்தது. "ஐயா, இருக்கையைச் சற்றே தாழ்த்துங்கள்" என்றேன். கடைக்காரர் பணிவோடு தலை தாழ்த்தினார். அழுத்தந்திருத்தமாக மீண்டும் சொன்னேன். இன்னும் தாழ்ந்தார். நான் குரலை உயர்த்த உயர்த்த அவர் முதுகு தாழ்ந்ததேயன்றி இருக்கை தாழவில்லை. அம்மா, அப்பா, நாள், புல் ஆகிய நான்கு சொற்களைக் கொண்டு ஒரு திருகாணியைத் தளர்த்தும்படி கேட்பது எப்படி? ஏழு நாள் கால்விரல் நுனியாலேயே மிதித்தேன், மாப்பிள்ளை. நிறுத்த வேண்டுமானால் கம்பத்தையோ மரத்தையோ தேடிச் சென்று கட்டிப்பிடித்துத்தான் இறங்க முடியும். முதல் நாள் மாலை ஒரு சிற்றுணவகத்தில் அங்கிருந்த பெண்மணியை "அம்மா!" என்று விளித்தேன். அவர் வியந்து, வயிறு குலுங்கச் சிரித்து, என்னினும் பத்து வயது இளையவர் என்பதை விரல்விட்டுக் காட்டி, ஒரு கிண்ணம் கீரையைக் கூடுதலாக வைத்தார். அதைக் கைப்பேசியில் படம்பிடித்து, 'இதோ, மண் என்னை அறிந்துகொண்டது!' என்று மன்றத்தின் புலனக் குழுவில் இட்டேன். நூற்று நாற்பது பேர் கைகூப்பினர். அந்தக் கீரை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும், அதன் பிறகு எந்தப் பெண்மணியையும் 'அம்மா' என்று அழைக்க அஞ்சினேன் என்பதையும் எழுதவில்லை.

மலைக்கணவாய் ஒன்றில் ஐந்து கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். எழுபது வயது மதிக்கத்தக்க இரு மூதாட்டியர் ஊன்றுகோலோடு நடந்து என்னை முந்திச் சென்றனர். ஒருவர் திரும்பி வந்து எனக்கு ஒரு வெள்ளரிக்காய் கொடுத்தார். ஆனால் உடல் வலி வலியே அன்று. பேச ஆளில்லாமையே பெருவலி. நீ சொன்னது நான்காம் நாள்தான் விளங்கிற்று. காலை முதல் மாலை வரை நீலக்கோடு போட்ட பாதை, ஆறு, நாணல், மீண்டும் ஆறு. பொறுக்கமாட்டாமல் ஆற்றைப் பார்த்து என் பொழிவைத் தொடங்கினேன். கைதட்டலுக்காக வழக்கமாக நான் விடும் இடைவெளியை அங்கும் விட்டேன். கொக்கு ஒன்று எழுந்து பறந்துபோயிற்று. அந்த அமைதியில் என் பொழிவை நான் முதன்முறையாகக் காதால் கேட்டேன், மாப்பிள்ளை. அது அவ்வளவு நன்றாக இல்லை.

ஏழாம் நாள் நக்தோங் ஆற்றங்கரையில், கொட்டும் மழையில், பின்சக்கரம் வெடித்தது. கைப்பேசி உயிர்விட்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தொலைவில் வீடில்லை. ஒரு மணி நேரம் கழித்து, வெங்காய மூட்டை ஏற்றிய சிறு சரக்குந்து ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்த முதியவர் கண்ணாடியை இறக்கினார். நான் கையை வீசி, "ஐயா! என் ஊர்தியின் உருளி உயிரற்றுப் போயிற்று! ஆற்றுவாரின்றி நிற்கிறேன்!" என்று முழங்கினேன். அவர் என் கையசைவை வாழ்த்தாகக் கொண்டார் போலும். தாமும் கையசைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். வண்டி நகர்ந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் எண்ணிச் சொல்லவில்லை. பண்டகசாலையில் பளுதூக்கியின் சக்கரம் காற்றிழக்கும்போதெல்லாம் நான் கத்துவது அது. "பாய்! ஓ பாய்! மாஃபி ஹவா! ஹவா மாஃபி!"

காற்று இல்லை என்பதுதான் அது. வண்டி சரேலென நின்றது. பின்னோக்கி வந்தது. கண்ணாடி முழுதும் இறங்கிற்று.

"ஹவா மாஃபி?" என்றார் அந்தக் கொரிய முதியவர். "இன்த்த மின் வேன்?" எங்கிருந்து வருகிறாய் என்கிறார்!

"துபாய்," என்றேன்.

"துபாய்!" என்று அவர் வண்டியின் கதவை அறைந்தார். "அனா ஜுபைல்! சித்தா சனா! யல்லா, யல்லா, ஃபோக்!" ஜுபைலில் ஆறாண்டு, ஏறு மேலே.

அவர் பெயர் பாக். இளமையில் சவூதிக்குச் சென்று துறைமுகம் கட்டும் வேலையில் இருந்தவர். நாற்பது ஆண்டுகளாக அந்த வளைகுடா அரைகுறை அரபுப் பேச்சைப் பேச ஓர் ஆள் கிடைக்காமல் வெங்காயம் பயிரிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு நாள் மழை விடவில்லை. இரண்டு நாளும் அவர் வீட்டில் இருந்தேன். இருவருக்கும் பொதுவாக இருந்தவை ஏறத்தாழ நாற்பது சொற்கள். இலக்கணம் அறவே இல்லை. நான் மேடையில் எந்தச் சொற்களைத் துரத்தித் துரத்தி அடித்தேனோ, அவைதாம் எனக்குப் பாய் விரித்தன, சோறு போட்டன, சளிக்கு மருந்து கொடுத்தன. இருக்கையைக் கூட அவர்தாம் தாழ்த்தினார். அவர் வேலைக்குப் போகும்போது மகன் கைக்குழந்தை. திரும்பியபோது வாயிற்படியில் ஒரு பையன் நின்றானாம். அதைச் சொல்ல அவருக்கு ஐந்தே சொற்கள் தேவைப்பட்டன: "பேபி கபீர். பாபா மாலூம் மாஃபி." பிள்ளை வளர்ந்துவிட்டான், அப்பனைத் தெரியவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் வெங்காயத் தோலைக் கூட்டத் தொடங்கினார். நான் இத்தனை ஆண்டுகளில் ஆற்றிய எந்தப் பொழிவிலும் ஒருவரும் அழுததில்லை. அன்று நான் அழுதேன்.

பிறகு அவர் கேட்டார்: "துபாய், சதீக் ஃபீ?" நண்பன் உண்டா?

"ஃபீ," என்றேன். உண்டு.

"வேன்?" எங்கே?

"சத்வா." இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. தமிழில் சொல்லியிருந்தால் முன்னுரை, விளக்கவுரை, தன்னிலை விளக்கம் என்று நீண்டிருக்கும். அந்தப் பேச்சில் அதற்கெல்லாம் சொல் கிடையாது. "ஹுவ ஜேன். அனா மூ ஜேன்," என்றேன். அவன் நல்லவன். நான் நல்லவன் அல்லன்.

பாக் தம் கைப்பேசியை என் முன் வைத்தார். "கலாஸ். டெலிஃபோன்."

உன் எண் எனக்கு மனப்பாடம். கடைசி இலக்கம் வரை அழுத்தினேன். பிறகு வைத்துவிட்டேன். "நெட்வொர்க் மாஃபி," என்று அந்த நல்லவரிடம் பொய் சொன்னேன். அவர் கைப்பேசியில் நிறைந்து நின்ற அலைக்கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் என்னையும் வண்டியையும் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஏற்றி, எஞ்சிய நூற்றைம்பது கிலோமீட்டரையும் கடந்து பூசானில் இறக்கிவிட்டார். அங்கே கடல் பின்புலமாக, மிதிவண்டியைத் தலைக்கு மேல் தூக்கி நான் நிற்கும் படத்தை எடுத்தவரும் அவரே. நீயும் பார்த்திருப்பாய். அந்தப் படத்தின் அடியில் 'தமிழால் கடந்தேன்' என்று எழுதியவன் நான். மன்றத்தார் அதைப் பன்னிரண்டு அடிப் பதாகையாக அடித்துவிட்டனர். நாளை மறுநாள், சனிக்கிழமை மாலை எனக்குப் பாராட்டு விழா. 'கொரியம் கடந்த கோமான்' என்று பட்டமாம்.

ஆகவே, மாப்பிள்ளை, நான் முடிவு செய்துவிட்டேன். அம்மேடையிலேயே, அப்பதாகையின் அடியிலேயே நின்று, என் சூளுரை முறிந்த வரலாற்றை ஒன்றுவிடாமல் உரைக்கப் போகிறேன். சரக்குந்தையும் சொல்வேன். பண்டகசாலையையும் சொல்வேன். முன்வரிசையில் நடுநாற்காலி உனக்கு. என் உரை முடிந்ததும் உன்னை மேடைக்கு அழைத்து, என் கையாலேயே ஒலிவாங்கியைத் தருவேன். அன்று நிறுத்திய நன்றியுரையை எந்தச் சொல்லால் வேண்டுமாயினும் நீ கூறலாம். முந்நூறு பேரும் எழுந்து நிற்பர். அதன் பின் ஞாயிறு காலை நீ நிறைந்த நெஞ்சோடு வானூர்தி ஏறலாம். இதற்கு இசைவு தெரிவித்து ஒரு வரி எழுதினால் போதும்.

உன் மனையாள் ஜோதிமணியும் குழந்தைகளும் எல்லா நலமும் பெற்று வாழ்க. உன் கைத்தொழில் சிறக்க. ஊரில் நீ தொடங்கவிருக்கும் கடையில் கூட்டம் அலைமோதுக.

என்றும் உன் நன்மை நாடும்,
பாண்டித்துரை.

பின்குறிப்பு: மேலே எழுதிய யாவற்றையும் உன் அக்காளிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். ஒன்பது திங்களில் முதன்முறையாக 'சோறு' இல்லாமல் ஒரு பேச்சு வந்தது. "ஏங்க, இதுல மன்னிப்பு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றாள். வாங்கித் தேடினேன். எட்டுப் பக்கம், மாப்பிள்ளை. இல்லை. "அவன் உங்ககிட்ட மேடையா கேட்டான்? நீங்க மேடையில நின்னு தோத்துட்டேன்னு சொன்னா அதுக்கும் கை தட்டுவாங்க. உங்களுக்கு அதுவும் லாபம். அவனுக்கு என்ன? ஒரு நாற்காலி. கெளம்புங்க முதல்ல" என்றாள். மன்றத் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், விழா வேண்டாம் என்று. ஏன் என்று கேட்டார். சரக்குந்து என்றேன். வைத்துவிட்டார்.

இதைச் சத்வாவில், நீ தங்கியிருக்கும் கட்டடத்தின் கீழே, தையற்கடை வாசலில் நின்று எழுதுகிறேன். உன் அறைத்தோழர் நூஹு பால் வாங்க இறங்கி வந்தார். என்னைக் கண்டதும், "என்னண்ணே, இங்கயும் மீட்டிங்கா?" என்றார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முன்பக்கங்களைப் படிக்க வேண்டாம். இந்த வரி போதும்.

தப்பு என் மேலதான், மாப்ளே. அன்னைக்கு உன்னைய அப்படி நிக்க வச்சிருக்கக் கூடாது. நான் ஒண்ணும் பேச மாட்டேன், நீ திட்டு. மேல வரட்டுமா?